இடியும் இணையக் கம்பியும்

ஆண்டுக்கு ஏறக்குறைய 5000 மில்லிமீற்றர் மழை பெய்யும் ஊர் வட்டவளை. முற்றத்துக்கு அப்பால் வாழும் தமையனாரின் பிள்ளைகளுக்கும் நம் வீட்டு இணையம் பயன்படட்டும் என்றெண்ணி, வீட்டினுள் பாவிக்கும் ஈதர்நெட் கேபிளையே வெளியே இழுத்துக் கட்டினோம். மழையூரானாலும் வெயில் தன் வேலையைச் செய்தது. உறை வெடித்தது, நீர் புகுந்தது. ஐப்பசி இடியொன்றில் இரு வீட்டு ரவுட்டர்களும் ஒருங்கே கருகின. பிள்ளைகளின் பரீட்சைக்கோ மூன்று வாரமே இருந்தது!

பிழை நம்முடையதே. வெளிக் கேபிளுக்கு வெயில் தாங்கும் கறுப்புப் பொலித்தீன் உறை வேண்டும். சுவரில் நுழையுமுன் அதைத் தாழ வளைத்துவிட்டால், வழிந்துவரும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். நீளம் 100 மீற்றரைத் தாண்டலாகாது. ஆயினும் உறை எத்துணை நல்லதாயினும், அருகில் விழும் மின்னலின் அதிர்ச்சியைச் செம்புக்கம்பி வீட்டினுள் கொணர்ந்துவிடும்.

ஆதலால் வீட்டுக்கு வீடு இணைப்பதற்கு, உலோகம் கலவாத ஒளியிழையே தக்கது. தூய கண்ணாடியிழையில் ஒளிவழியே செய்தியைத் தொலைதூரம் அனுப்பலாம் என்று 1966ஆம் ஆண்டில் சார்ள்ஸ் காவோ எடுத்துரைத்தார். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. அதற்குச் செலவு சற்றுக் கூடுதல்தான். கருகிய இரு ரவுட்டர்களின் விலையையும் சேர்த்துப் பார்த்தபோது, நாம் மிச்சம் பிடித்தது ஒன்றுமில்லை என்பது விளங்கிற்று.