கொல்லிமலைச் சாமையும் மின்வழி ஆய்வேடும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமையைக் கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, வெள்ளைப்பெருஞ்சாமை எனப் பிரித்தறிகின்றனர். தாவரவியலார்க்கு இவையனைத்தும் ஒரே சிற்றினம். விளையும் காலம், ஏற்ற நிலம், சோற்றின் சுவை பற்றிய பட்டறிவு இப்பெயர்களோடு சேர்ந்தே வழங்குகிறது. சவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி மலையேறிய பின் சாமைப் புனங்கள் சுருங்கின. பெயரறிந்தோரும் குறைந்தனர். பச்சிலை அறிவின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

இத்தகைய அறிவை மின்வழிப்படுத்தினால் காத்துவிடலாம் என்பது பரவலான கருத்து. 2001இல் தொடங்கப்பட்ட மரபறிவு மின்னூலகம் அதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. மஞ்சளுக்கு அமெரிக்காவில் அளிக்கப்பட்ட காப்புரிமை 1997இல் நீக்கப்பட்டதன் பின்னணியில் எழுந்த அந்நூலகம் பயனுள்ளதே. ஆயின் அது முதன்மையாகச் சித்தம், ஆயுர்வேதம், யுனானி முதலியவற்றின் நூல்களைத் தொகுத்து, ஐந்து அயல்மொழிகளில் காப்புரிமை அலுவலர்க்குத் தருவது. வாய்மொழியாக மட்டும் நிற்கும் கொல்லிமலை அறிவுக்கு அங்கு இடம் அரிது.

அவ்வறிவு எழுத்தில் ஏறும் இடம் தமிழ்த்துறை. நாட்டார் வழக்காற்றியல் ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் மூலிகை, பக்குவம், அளவு, சொன்னவர் பெயர், வயது, ஊர் அனைத்தும் அடுக்கப்படுகின்றன. முன்பு அவை துறை நூலக அலமாரியில் உறங்கின. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு நெறிமுறைகளுக்குப் பின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் மின்வடிவில் ஒப்படைக்கப்பட்டு, சோத்கங்கா வழியாக உலகெங்கும் திறந்து கிடக்கின்றன. இதனால் தமிழாய்வு பெற்ற பயனை மறுப்பார் இலர். ஆனால் திறந்த ஏட்டை மருந்து நிறுவனமும் படிக்கலாம். மொழிமாதிரிகளுக்குத் தரவு திரட்டுவோரும் எடுத்துக்கொள்ளலாம். தகவலாளி சொன்னது எதிரில் அமர்ந்திருந்த மாணவருக்கு, உலகுக்கன்று.

2024 மே மாதம் ஜெனீவாவில் ஏற்கப்பட்ட உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் உடன்படிக்கை, மரபறிவை அடிப்படையாகக் கொண்டு காப்புரிமை கோருவோர் அதனை அளித்த சமூகத்தை வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. அதற்குத் துணைநிற்கக்கூடியது, அறிவு யாரிடமிருந்து எந்த ஒப்புதலின்பேரில் பெறப்பட்டது என்னும் பதிவு. தகவலாளர் பட்டியல் இருந்தும் இந்த ஒப்புதற்பதிவு இல்லாத ஆய்வேடுகளே கண்ணில் படுகின்றன.

2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டம் உள்ளாட்சிதோறும் ஒரு மேலாண்மைக் குழுவுக்கு வழிவகுத்துள்ளது. மக்கள் உயிர்ப்பன்மைப் பதிவேட்டைப் பேணுவது அதன் பணி. மருந்தின் பக்குவமும் அளவும் அக்குழுவின் பொறுப்பில் இருக்க, சொல்லும் வழக்கும் ஆய்வேட்டில் இடம்பெறலாம். வாய்மொழித் தேர்வில் மேற்கோள் பிழைகளைத் துருவும் புறத்தேர்வாளர், ஒப்புதல் கடிதத்தையும் ஒருமுறை கேட்கலாம்.