கூல்கார்டி: பொன்னூரின் அகன்ற வீதி



தங்கம் என்றதும் நம் இல்லங்களில் பேச்சு நகைக்கடையில் தொடங்கி நிக்காஹ் மண்டபத்தில் முடியும். அந்தப் பொன்னைத் தேடி ஆயிரக்கணக்கானோர் நீரற்ற பாலைவெளிக்கு ஓடிய ஊர் ஒன்றை இம்மாதம் காண்போம். மகனோ மகளோ ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பணியாற்ற, நீங்கள் அங்குச் சென்று சிலகாலம் தங்கும் வாய்ப்பு அமையுமானால், ஒரு வார இறுதியைக் கூல்கார்டிக்கென ஒதுக்கி வையுங்கள்.

பயணத்தை வெள்ளிக்கிழமையே தொடங்கிவிடலாம். பெர்த் நகரின் வில்லியம் வீதியில் உள்ள பழம்பெரும் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுங்கள். 1905ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்ற பள்ளி அது. அதனை எழுப்பப் பொருள் தந்தோரில் ஒட்டகம் ஓட்டிப் பிழைத்தவர்கள் பலர். அவர்கள் உழைத்த மண்ணுக்குத்தான் மறுநாள் நீங்கள் செல்லப் போகிறீர்கள்.

பெர்த்திலிருந்து கிழக்கே ஏறத்தாழ 560 கிலோமீட்டர். காரில் ஆறு மணி நேரத்துக்கும் மேலாகும். முதலில் கோதுமை வயல்கள், பிறகு செம்மண், பிறகு வெறும் புதர்க்காடு. வழிநெடுகப் பருத்த குழாய் ஒன்று சாலையின் அருகே உங்களுடன் வந்துகொண்டிருக்கும். அதன் கதையைப் பின்னர் சொல்கிறேன்.

1892 செப்டம்பரில் ஆர்தர் பெய்லி, வில்லியம் ஃபோர்டு என்னும் இருவர் இவ்விடத்தில் தங்கத்தைக் கண்டனர். பெய்லி 554 அவுன்ஸ் தங்கத்துடன் சதர்ன் கிராஸ் என்னும் ஊருக்குக் குதிரையில் சென்று பதிவு செய்தார். நம் கணக்கில் சொன்னால் இரண்டாயிரம் பவுனுக்கு மேல்! செய்தி பரவியதும் கூட்டம் பெருக்கெடுத்தது. சில ஆண்டுகளில் பெர்த், ஃப்ரீமாண்டில் ஆகியவற்றுக்கு அடுத்த பெரிய ஊராகக் கூல்கார்டி வளர்ந்தது.

பொன் கிடைத்தது, தண்ணீர் கிடைக்கவில்லை. ஆறில்லை, குளமில்லை. உப்பேரிகளின் நீரைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிர்வித்துக் கேலன் கணக்கில் விற்றார்கள். அசுத்த நீரால் பரவிய டைபாய்டு காய்ச்சல் இளைஞர்களை வாரிக்கொண்டு போயிற்று. மாவும் கருவிகளும் தண்ணீரும் சுமந்து வரக் குதிரைகளால் இயலவில்லை. அவையே குடிநீருக்குத் தவித்தன. அப்போது ஊரைத் தாங்கியவை ஒட்டகங்கள். அவற்றைக் கொண்டுவந்து நடத்தியவர்கள் பலூசிஸ்தான், பெஷாவர், பஞ்சாப், சிந்து ஆகிய இடங்களிலிருந்து வந்த முஸ்லிம்கள். அவர்களில் பலர் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் குடிகள். ஆயினும் அனைவரையும் 'ஆப்கானியர்' என்ற ஒரே பெயரால் அழைத்தனர்.

கூல்கார்டியின் பெய்லி வீதியில் நின்று பாருங்கள். ஆயிரம் பேர்கூட வசிக்காத ஊருக்கு இவ்வளவு அகன்ற வீதி எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். வரிசையாகப் பிணைக்கப்பட்ட ஒட்டகத் தொடர் வளைந்து திரும்புவதற்கு அந்த அகலம் வேண்டியிருந்தது என்று சொல்லுங்கள்.

அடுத்த கேள்வியும் வரும்: அவர்களும் தங்கம் தோண்டினார்களா? இல்லை. தங்க வயல்களின் சட்டம் ஆசியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் சுரங்க உரிமம் வழங்க மறுத்தது. தோண்டுவோர்க்கு உணவும் நீரும் சுமந்து வந்தவர்களின் கை அந்த மண்ணைத் தோண்டக் கூடாது! நீர்நிலைகளிலும் பிணக்கு எழுந்தது. தொழுகைக்காக ஒளுச் செய்வதைக் கூட நீரை அசுத்தப்படுத்துவதாகக் குற்றம் சாட்டினர். 1894ஆம் ஆண்டு இத்தகைய தகராறு ஒன்றில் ஒட்டகக்காரர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் நீதிமன்றத்தில் விடுதலையானார். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாறைக்குழிகளில் தேங்கும் நீரை நம்பி அம்மண்ணின் ஆதிக்குடிகள் காலங்காலமாக வாழ்ந்திருந்தனர். வெள்ளையரும் குதிரைகளும் குடித்ததைப் போலவே ஒட்டகங்களும் அதைக் குடித்துத் தீர்த்தன.

பெய்லி வீதியில் 1898ஆம் ஆண்டின் பழைய நீதிமன்றக் கட்டடம் கம்பீரமாக நிற்கிறது; அதில் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. ஒரு மணி நேரம் அங்கே செலவிடலாம். ஆனால் நான் உங்களை வற்புறுத்தி அனுப்ப விரும்பும் இடம் ஊரின் அடக்கத்தலம்.

ஃபைஸ் முகம்மது, தாஜ் முகம்மது என்னும் சகோதரர்கள் அக்காலத்தின் பெரும் ஒட்டக வணிகர்கள். 1896 ஜனவரியில் கூல்கார்டியின் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தபோதே தாஜ் முகம்மது சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் வெள்ளையர் அல்லர். அவருடைய இனத்தவர் ஒருவரே. கொலையாளிக்கு ஃப்ரீமாண்டில் சிறையில் தூக்குத்தண்டனை நிறைவேறிற்று. தாஜ் முகம்மதின் கபுறு இந்த அடக்கத்தலத்தில் இருக்கிறது. எர்னஸ்ட் கைல்ஸ் என்ற புகழ்பெற்ற நாடாய்வாளரும் இங்கேயே அடங்கியிருக்கிறார். 1875இல் பாலையைக் கடந்து பெர்த் சேர்ந்தவர். முதுமையில் கூல்கார்டியில் எழுத்தராக வேலை பார்த்து, 1897இல் காலமானார். அந்தப் பாலைப்பயணத்தில் அவருடைய ஒட்டகங்களை நடத்தியவர் ஸாலிஹ் என்னும் முஸ்லிம். நாடாய்வாளர்களின் பெயர் வரைபடங்களில் இடம்பெற்றது. ஸாலிஹைத் தேடினால்தான் கிடைப்பார்.

1896இல் இரயில் வந்தது. 1903 ஜனவரியில் குழாய் வழியே தண்ணீரும் வந்தது. பெர்த் அருகே முண்டாரிங் அணையின் நீரை எட்டு நீரேற்று நிலையங்கள் வழியாக 500 கிலோமீட்டருக்கு அப்பால் தள்ளும் திட்டம் அது. அதனை வகுத்த பொறியாளர் சி.ஒய். ஓ'கானர், ஏச்சுக்களைத் தாங்காமல் 1902 மார்ச்சில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். நீர் ஊருக்கு வந்ததை அவர் காணவில்லை. ஒட்டகக்காரர்களுக்கோ பிழைப்பு சுருங்கிற்று. 1901இன் குடியேற்றச் சட்டம் அவர்களுடைய உறவினர் வரும் வாயிலையும் அடைத்தது. 1920களில் லாரிகள் பெருகியபின், வளர்த்த விலங்கைக் கொல்ல மனமின்றிப் பலர் ஒட்டகங்களைக் காட்டில் அவிழ்த்துவிட்டனர். அவற்றின் வழிவந்த காட்டொட்டகங்கள் இன்றும் அந்நாட்டின் பாலையில் பெருங்கூட்டமாகத் திரிகின்றன.

இரவு தங்க 40 கிலோமீட்டர் தள்ளிக் கல்கூர்லி வசதியானது. பேடி ஹானன் 1893 ஜூனில் தங்கம் கண்ட அவ்வூரில் இன்றும் தங்கம் எடுக்கிறார்கள். 'சூப்பர் பிட்' என்னும் திறந்த சுரங்கத்தின் நீளம் மூன்று கிலோமீட்டருக்கு மேல். ஆழம் 600 மீட்டரைத் தாண்டும். விளிம்பிலிருந்து நோக்கினால் அடியில் ஊரும் இராட்சத லாரிகள் எறும்புகளாகத் தெரியும். பிள்ளைகள் அங்கிருந்து நகர மறுப்பார்கள்.

ஹலால் உணவைப் பெர்த்திலிருந்தே கட்டிக்கொள்ளுங்கள். அங்கே பழைய கட்டடங்களில் 'ஹோட்டல்' என்ற பலகை கண்டு சாப்பாட்டுக்கு நுழைந்துவிடாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை மதுக்கூடங்கள். கோடையில் வெயில் 40 பாகையைத் தாண்டுமாதலால் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களே ஏற்றவை. தண்ணீரும் பெட்ரோலும் தாராளமாக இருக்கட்டும். ஞாயிறன்று காலையிலேயே புறப்பட்டு, வழியில் லுஹரையும் அஸரையும் தொழுது, மஃரிபுக்கு முன் பெர்த்தை அடைந்துவிடுங்கள். இருட்டத் தொடங்கினால் கங்காருக்கள் சாலைக்குள் பாய்கின்றன.