கை எட்டவில்லையா? பிடியை நீட்டு!



மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பேரவை நண்பரிடம், "டில்லருக்கு எக்ஸ்டென்ஷன் போடுறது பத்தி எழுதப் போறேன்" என்றேன். "பவர் டில்லரா? நல்ல விஷயம்டா, நம்ம பசங்க பாதிப் பேர் விவசாயக் குடும்பம்தானே" என்றான். "இல்லடா, பாய்மரப் படகு டில்லர்" என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தான். "திருவண்ணாமலையில கிரிவலம் போக பதினாலு கிலோமீட்டர் ரோடு இருக்கு. படகு விட கடல் எங்கடா இருக்கு?"

நியாயமான கேள்விதான். நமக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் சாத்தனூர் அணை மட்டுமே. ஆனால் ஒன்று கேட்கிறேன். பக்கத்து வேலூரில் கடல் இருக்கிறதா? அந்த வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன்தான் 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் பாய்மரப் படகில் வெண்கலம் வாங்கினார். டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்கிலும் படகு ஓட்டினார். ஆகவே கடல் இல்லாத ஊர்க்காரன் படகைப் பற்றிப் பேசக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை!

விஷயத்துக்கு வருகிறேன். போன கோடை விடுமுறையில் சென்னையில் மாமா வீட்டில் இருந்தேன். மாமாவுக்குப் பாய்மரப் படகு கற்றுத் தரும் ஓர் இடத்தில் படகுகளைப் பழுது பார்க்கும் வேலை. சும்மா வீட்டில் இருப்பானேன் என்று தினமும் அவரோடு போய்விடுவேன். அங்கே சிறு பிள்ளைகள் ஓட்டுவது 'ஆப்டிமிஸ்ட்' என்ற குட்டிப் படகு. நீளம் 2.3 மீட்டர்தான். அமெரிக்காவில் கிளார்க் மில்ஸ் என்பவர் 1947-ல் வடிவமைத்தது. ஒரே ஆள் ஓட்டுவது. படகின் பின்னால் தண்ணீரில் இறங்கி நிற்பது சுக்கான். அதைத் திருப்பும் கட்டைக்குத்தான் டில்லர் என்று பெயர்.

பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி. ஒல்லியான உடம்பு. அவளுக்குக் கிடைத்தது ஒரு பழைய படகு. காற்று கொஞ்சம் வலுத்தால் போதும், படகு சாயும், கவிழும். மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். மூன்றாம் நாள் கரைக்கு வந்தவள் என்னிடம், "அண்ணா, வெளியே உக்காரச் சொல்றாங்க. உக்காந்தா என் கை எட்டலண்ணா" என்றாள்.

போய்ப் பார்த்தேன். மற்ற படகுகளில் எல்லாம் டில்லரின் முனையில் ஒரு நீளக் குழாய் இணைத்திருந்தது. இவள் படகில் மட்டும் அது முறிந்து போய், வெறும் கட்டைதான் மிச்சம்!

முதலாமாண்டில் படித்த மொமென்டை இங்கே கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்வோம். காற்று பாயைத் தள்ளுகிறது, படகு சாய்கிறது. அதை நிமிர்த்த, ஓட்டுபவர் காற்று வரும் பக்கத்து விளிம்பில் உட்கார்ந்து, உள்ளே இருக்கும் பட்டையில் காலை மாட்டிக்கொண்டு, உடம்பை வெளியே சாய்க்க வேண்டும். 36 கிலோ எடையுள்ள பிள்ளை 40 சென்டிமீட்டர் வெளியே நகர்ந்தால், படகை நிமிர்த்தக் கூடுதலாக ஏறக்குறைய 141 நியூட்டன் மீட்டர் மொமென்ட் கிடைக்கும். அந்தக் குட்டிப் படகுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் டில்லர் இருப்பது படகின் நடுவில். அதைப் பிடிக்க உள்ளே வந்தால் படகு சாயும். சாய்ந்த படகு தானாகவே காற்றுப் பக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கச் சுக்கானைப் பலமாகத் திருப்பினால், சுக்கானே பிரேக் மாதிரி வேகத்தைத் தின்றுவிடும். சரி, வெளியிலேயே உட்கார்ந்து படகை நிமிர்த்தலாம் என்றால் சுக்கான் கையில் இல்லை. அந்தப் பெண்ணின் பாடு இதுதான்.

இதில் நம் முன்னோர் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை. பாக் நீரிணைக் கரையில் 'வத்தை' என்ற மூன்று பாய்மரப் படகுகள் ஓடின. படகுக்குக் குறுக்கே ஒரு பலகையை வெளியே நீட்டி வைத்து, காற்று அடிக்கும்போது அதன் மேல் ஆள் ஏறி உட்கார்ந்து சமன் செய்வார்கள். மேலைநாட்டு ஆய்வாளர்கள் மூவர் 1998-ல் இந்தப் படகைப் பற்றி ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். ஆனால் வத்தையில் பலகையில் உட்காருபவர் ஒருவர், சுக்கான் பிடிப்பவர் வேறொருவர். குட்டிப் படகில் இரண்டு வேலையும் ஒரே ஆளுக்கு. அதனால்தான் அந்த நீட்டுப்பிடி.

"இது என்ன பெரிய வேலை, நான் போட்டுத் தர்றேன் மாமா" என்றேன். ஒர்க்‌ஷாப்பில் அரத்தைப் பிடித்த கை அல்லவா! ஓர் அலுமினியக் குழாய், ஒரு கதவுக் கீல், நாலு ஸ்க்ரூ. அரை மணி நேரத்தில் முடிந்தது. மாமா பார்த்தார். "போட்டுப் பாரு மாப்ள" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாள் அந்தப் பெண் படகில் போனாள். வெளியே உட்கார்ந்தாள். படகு நிமிர்ந்து ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த காற்று வந்தது. அவள் இன்னும் வெளியே சாய்ந்தாள், கை மேலே போனது, குழாயும் மேலே தூக்கிக்கொண்டது. என் கீலோ இடது வலதாக மட்டுமே மடங்கும்! ஸ்க்ரூ நாலும் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டன. படகு கவிழ்ந்தது. லைஃப் ஜாக்கெட் இருந்தது, காவல் படகும் பக்கத்திலேயே இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் கரையில் தலை குனிந்து நின்றேன். நனைந்தபடி வந்தவள் கேட்டாள்: "அண்ணா, நாளைக்குள்ள சரி பண்ணிடுவீங்களா?" அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்போதுதான் மாமா வாயைத் திறந்தார். "நீ கட்டையைப் பாத்த, குழாயைப் பாத்த. அந்தப் பொண்ணு எப்படி உக்காருறான்னு பாத்தியா?"

அன்று முழுக்கப் பார்த்தேன். கை எந்தெந்தப் பக்கம் போகிறது, திரும்பும்போது எப்படி மாற்றிப் பிடிக்கிறாள் என்று கவனித்தேன். இணைப்பு எல்லாப் பக்கமும் மடங்க வேண்டும். அதற்குக் கெட்டியான ரப்பர் ஹோஸ் துண்டு ஒன்று போதும். குழாய் நீளம் குறைந்தால் கை எட்டாது. கூடினால் திரும்பும்போது பாய்க் கயிற்றில் இடிக்கும். பித்தளை போல்ட்டை அலுமினியத்தில் நேரடியாகப் போட்டால் உப்புத் தண்ணீரில் அலுமினியம் அரித்துப்போகும். டில்லர் முனையில் பெரிய ஓட்டை போட்டால் மரம் பலமிழக்கும். இவ்வளவும் ஒரு முழக் குழாய்க்குள் இருக்கிறது! இரண்டாவது பிடிக்கு ஆன செலவு முந்நூறு ரூபாய்கூட இல்லை. நான் ஊர் திரும்பும் வரை அது கழன்றுகொள்ளவில்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. இறுதியாண்டு ப்ராஜெக்ட் பேச்சு வந்தபோது, எங்கள் குழுவில் மற்ற நான்கு பேரிடமும் இதைச் சொன்னேன். கை எட்டாதவர்களுக்கு, குனிய முடியாதவர்களுக்குப் பிடிகளை மாற்றியமைப்பதையே ப்ராஜெக்டாக எடுக்கலாம் என்றேன். "ஒரு பைப்பு, ஒரு ரப்பரு... இதெல்லாம் ஒரு ப்ராஜெக்டா? எக்ஸ்டர்னல் சிரிப்பார்டா" என்றார்கள். ஒருவன் கேட்டான்: "இதுல மெக்கானிக்கல் அட்வான்டேஜ் எவ்வளவு?" எனக்கு உடனே பதில் வரவில்லை. வாயடைத்துப் போனேன். கடைசியில் எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்தோம். கடையில் ரெடிமேடாக ஒரு ஆட்டோமேட்டிக் நியூமேடிக் பம்பர் வாங்கினோம். ஆளுக்கு மூவாயிரம். நானும் என் பங்கைக் கொடுத்தேன். அப்பா வட்டிக்கு வாங்கித் தந்த பணம் அது.

வைவாவில் எக்ஸ்டர்னல் சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த சிலிண்டருக்கு ஏம்ப்பா இந்த போர் அளவு எடுத்தீங்க?" ஐந்து பேரும் தரையைப் பார்த்தோம். மார்க் வந்துவிட்டது. ஆனால் அந்த பம்பர் ஏன் அப்படி இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த ரப்பர் ஹோஸ் ஏன் அங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

நண்பன் கேட்ட கேள்விக்கும் இப்போது பதில் இருக்கிறது. மெக்கானிக்கல் அட்வான்டேஜ் ஒன்றுதான்! டில்லருக்கு நேர் குறுக்காகக் குழாயால் எவ்வளவு தள்ளுகிறோமோ, அதே விசைதான் டில்லர் முனைக்குப் போகிறது. ஒரு நியூட்டன்கூட அதிகம் கிடைக்காது. இந்த நீட்டுப்பிடி பலத்தைக் கூட்டுவதில்லை. மனிதன் இருக்க வேண்டிய இடத்தில் இருந்துகொண்டே வேலை செய்ய விடுகிறது. அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' இல்லாமல்தானே ஒரு பிள்ளை மூன்று நாள் கவிழ்ந்தாள்?

சின்ன வேலை கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நம் ஊரில் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வடம் பிடித்து இழுப்பவர்கள் ஆயிரக்கணக்கில். ஆனால் தேரை வளைவில் திருப்புவது, சக்கரத்தடியில் கட்டை போடும் சிலர்தான். முட்டுக்கட்டை என்றால் இடைஞ்சல் என்று பேச்சில் சொல்கிறோம். தேருக்கு அதுதான் சுக்கான்! உயர் அழுத்த பாய்லர் செய்யும் திருச்சி பெல் நிறுவனம் திருவாரூர் ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்தது. கோயில் தேருக்கு பிரேக்கா என்று அவர்கள் சிரிக்கவில்லை.

"பெரிய பேர் வச்ச ப்ராஜெக்ட் இருந்தாத்தானே இன்டர்வியூல கேப்பாங்க?" என்பீர்கள். கேட்கட்டுமே! அடுத்த கேள்வி 'ஏன்?' என்று வரும்போது கடைக்காரர் வந்து பதில் சொல்ல மாட்டார்.

மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை இதுதான். அடுத்த ஆண்டு முதல் ஒரு நோட்டுப் போடுங்கள். பௌர்ணமிக்கு ஊருக்கு வரும் கூட்டத்தை நம்பித் தள்ளுவண்டி தள்ளும் பாட்டி, பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டும் அக்கா, மூன்று சக்கர வண்டி ஓட்டும் மாற்றுத்திறனாளி அண்ணன் ஆகியோரிடம் போய், "உங்களுக்கு எது எட்டலை? எது கை வலிக்குது?" என்று கேட்டு எழுதுங்கள். இறுதியாண்டு மாணவர்கள் அந்த நோட்டிலிருந்து ப்ராஜெக்ட் எடுக்கட்டும். எங்கள் ஐந்து பேர் பணம் பதினைந்தாயிரம். அந்தப் பணத்தில் எத்தனை பிடிகள் நீண்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

எனக்கு வாய்ப்பு முடிந்துவிட்டது. ஜூனியர் தம்பி தங்கைகளே, உங்களுக்கு இருக்கிறது. முதலில் செய்வது பிய்த்துக்கொண்டு வரும், தண்ணீரில் கவிழும், நாலு பேர் சிரிப்பார்கள். பரவாயில்லை. மறுநாள் போய் அந்த ஆள் எப்படி உட்காருகிறார் என்று பாருங்கள். பிறகு பிடியை நீட்டுங்கள்!

— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை