ஒரு சனிக்கிழமையைக் கொடுங்கள்

பட்டம் பெற்று, முதல் வேலைக்காக முன்பின் அறியாத ஊருக்குத் தனியே செல்லும் நம்மில் பலர், வெள்ளிக்கிழமை மாலையானால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடுகிறோம். பிறகு, "அந்த ஊரில் ஒன்றுமே இல்லை" என்கிறோம். புலாவ் செபாங்கில் முதல் மூன்று மாதம் நானும் அப்படித்தான். மாற்றல் கடிதம்கூட எழுதி வைத்திருந்தேன்.

ஒரு வாரக் கடைசியில் காய்ச்சல். வீட்டுக்குப் போகமுடியவில்லை. பசியாறச் சென்றபோது கடைக்கார அக்கா என் முகத்தைப் பார்த்தே, "ரொட்டி வேண்டாம் தம்பி, கஞ்சி குடி" என்றார். காய்ச்சல் விட்டதும் மெல்ல நடந்தேன். பால்மரங்கள் இலை சிவந்து உதிர்ந்துகொண்டிருந்தன. ரயில் நிலையத்தில் ஒரு தாத்தா பழைய கதை சொன்னார். அங்கிருந்து மலாக்காவுக்குச் சென்ற தண்டவாளத்தை, 1942-45 ஜப்பானியர் ஆட்சியில் பெயர்த்து, சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். தோட்டத்துத் தமிழரையும் அப்பாதை போட அனுப்பினார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவேயில்லை. நான் "ஒன்றுமே இல்லை" என்ற ஊர் இதுதான்!

தோழர்களே, ஓடுகிறவனுக்கு எந்த ஊரும் தன் அழகைக் காட்டாது. முதல் மாதத்திலேயே ஒரு சனிக்கிழமையை அதற்குக் கொடுங்கள். மாற்றல் கடிதத்தைப் பிறகு எழுதலாம். என்னுடையது இன்னும் மேசைக்குள்தான் கிடக்கிறது.