இல்லறக் குறிப்பு: மிளகு பொடிக்கும் கருவி

சௌல்தாரியில் மழைக்காலம் வந்துவிட்டால் நம்மவர் வீடுகளில் மிளகு ரசத்திற்குத் தனி மதிப்பு உண்டாகிவிடும். சென்ற மழையில் எம் இல்லத்துக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட இரவில், ஆசையோடு வாங்கி வைத்திருந்த ‘பெப்பர் மில்’ திருகவே மறுத்துவிட்டது. திறந்து பார்த்தால் பல்லெல்லாம் துரு! அன்று அம்மியே கைகொடுத்தது. அதனால் கற்றவற்றைச் சகோதரிகளுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

மிளகின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெயில் உள்ளது. பொடித்து வைத்தால் மணம் போய்விடும். பைப்பரின் தரும் காரமே எஞ்சும். ஆகவே வேண்டும்பொழுது பொடிப்பதே சிறப்பு. பிரான்சு நாட்டுப் பெஜோ நிறுவனத்தார் 1874-லேயே இதற்கெனக் கருவி செய்தனர்.

வாங்குகையில் மேல்மூடியின் அழகைப் பாராமல் உள்ளிருக்கும் பல்லைப் பாருங்கள். எஃகுப் பல் மிளகை நன்கு உடைக்கும்; ஆயினும் நம் கடற்காற்றில் துருப்பிடிக்கக்கூடும். பீங்கான் பல்லுக்கு அக்கவலை இல்லை. பிளாஸ்டிக் பல் விரைவில் தேயும். கொரகொரப்பாகவும் நைசாகவும் மாற்றும் திருகு இருத்தல் நலம்.

மிளகை வெயிலில் உலர்த்தியே நிரப்புங்கள். எஃகுப் பல்லில் உப்பை இடவேண்டா. கொதிக்கும் பாத்திரத்தின் மேல் பிடித்துத் திருகினால் ஆவி ஏறி அடைத்துக்கொள்ளும். தட்டில் பொடித்துப் பின் இடுங்கள்.

நல்ல கருவி கிட்டவில்லையெனில் வருந்தவேண்டா. மட்டமானதை வாங்கிப் பணத்தை இழப்பதினும், வீட்டிலுள்ள அம்மியை நம்புவதே மேல்.