பேரளம் ரயிலும் நான்கு வழிச் சாலையும்

காரைக்காலுக்கு இப்போது யோகம் அடித்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும். விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினம் செல்லும் நான்கு வழி நெடுஞ்சாலையில், சட்டநாதபுரம் முதல் நாகை வரையில் சுமார் 56 கிலோமீட்டர் பகுதி காரைக்கால் வழியாக அமைவதற்கு 2021 பிப்ரவரியில் புதுச்சேரியில் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. அதற்கு மதிப்பீடு 2,400 கோடி ரூபாய்க்கு மேல். மற்றொரு பக்கம், பேரளத்துக்கும் காரைக்காலுக்கும் இடையே சுமார் 23 கிலோமீட்டர் தூரத்துக்கு மறுபடியும் தண்டவாளம் போடப்பட்டு, 2025 மே மாதத்தில் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் சோதனையும் நடந்தேறியது. இரண்டும் வரட்டும், நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் சர்க்காரின் கவனமும் அடுத்த ரூபாயும் எதன் பக்கம் சாய வேண்டும் என்று கேட்டால், நமது வோட்டு ரயிலுக்கும் பஸ்ஸுக்குமே.

காரைக்காலுக்கு ரயில் புதிய விருந்தாளி அல்ல. தஞ்சாவூர் ஜில்லா போர்டார் குடிகளிடம் தனி வரி வசூலித்து, அந்தப் பணத்தைக் கொண்டு மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரையில் ரயில் பாதை போட்டு 1894-ல் திறந்து வைத்தார்கள். நமது உழவர்கள் கொடுத்த காசில் உண்டான பாதை அது. நான்கு வருஷத்துக்கெல்லாம், 1898-ல், அதன் நடுவிலுள்ள பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு ஒரு கிளை போயிற்று. ஒரு பக்கம் பிரிட்டிஷ் கொடி, மறு பக்கம் பிரெஞ்சுக் கொடி. நடுவே எல்லையைத் தாண்டி வண்டி ஓடிற்று. 1954-ல் பிரெஞ்சு ஆட்சி விலகிய பிறகும் ஓடிற்று. கடைசியில் 1980-களின் பிற்பகுதியில் அந்த வண்டி நின்றது, தண்டவாளமும் பெயர்க்கப்பட்டது. அந்நியர் இருவர் கூடி இணைத்து வைத்ததைச் சுதந்திர இந்தியா துண்டித்துவிட்டு, திரும்பவும் இணைப்பதற்கு முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது என்பது நாம் பெருமைப்படக்கூடிய சரித்திரம் அல்ல.

2011-ல் நாகூரிலிருந்து காரைக்காலுக்கு அகல ரயில் பாதை வந்தது உண்மைதான். ஆனால் அந்த வழியாக மாயவரம் போக வேண்டியவர் முதலில் தெற்கே நாகைக்கும், பிறகு மேற்கே திருவாரூருக்கும், அங்கிருந்து வடக்கே பேரளத்துக்கும் போயாக வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பது இதுதான்.

அகலமான சாலை இருந்தால் போதாதா என்று சில நேயர்கள் கேட்கலாம். துறைமுகத்துக்கு வரும் லாரிகளும், சென்னைக்கும் வேதாரண்யத்துக்கும் போகும் வண்டிகளும் ஊருக்குள் நுழையாமல் போவதற்குப் புறவழிச் சாலை அவசியந்தான். ஆனால் சாலை அகலமானால் அதன் முதல் பலன் மோட்டார் வைத்திருப்பவருக்கே சேர்கிறது. கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கும், கூலி வேலைக்குப் போகிறவருக்கும், தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிக்கும், நான்கு வழிச் சாலையில் வராத பஸ்ஸும் இரு வழிச் சாலையில் வராத பஸ்ஸும் ஒன்றுதான். ஐம்பது பேரை ஏற்றும் பஸ் ஒன்று, இரண்டு மூன்று கார்களுக்கு வேண்டிய இடத்தையே அடைக்கிறது. அந்தக் கார்களிலோ பத்துப் பேர் இருந்தால் அதிகம். சாலை விரிய விரிய வண்டிகளும் பெருகுகின்றன. சில வருஷங்களில் பழைய நெரிசல் புதிய அகலத்தில் வந்து நிற்கிறது. தென் கொரியாவில் ஸியோல் நகரத்தார் இதை அனுபவத்தில் கண்டு, ஊர் நடுவே ஓடிய மேம்பாலச் சாலையை 2003-ல் இடிக்கத் தொடங்கி, அதன் கீழே மறைந்திருந்த ஓடையை மீட்டார்கள். 2004-ல் பஸ் போக்குவரத்தையும் திருத்தி அமைத்தார்கள்.

நமது பிரதேசத்துக்கென்று தனியாக ஒரு காரணமும் உண்டு. காரைக்கால் காவிரியின் கடைமடை. அரசலாறு, நாட்டாறு, திருமலைராஜனாறு எல்லாம் கடலை நாடிச் செல்லும் சமபூமி. இங்கே உயர்த்திப் போடும் ஒவ்வொரு அகலச் சாலையும் நன்செய் நிலத்தை விழுங்குகிறது. போதிய மதகுகள் இல்லாவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளத்துக்கு அணையாகவும் நிற்கிறது. ரயில் பாதைக்கும் கரை வேண்டும் என்றாலும், ஒற்றைத் தண்டவாளம் கேட்கும் இடம் அற்பமே.

ஆனால் தண்டவாளம் போட்டதோடு கடமை தீர்ந்துவிட்டதாக ரயில்வே அதிகாரிகள் எண்ணக் கூடாது. இந்தப் பாதை துறைமுக நிலக்கரிக்கு மட்டும் குறுக்கு வழியாகிவிடுமோ என்ற கவலை நமக்கு இருக்கிறது. நாளுக்கு ஒரு வண்டியை யாருக்கும் சௌகரியப்படாத வேளையில் விட்டு, சில வருஷங்கள் கழித்து, "ஜனங்கள் ஏறவில்லை" என்று கணக்குக் காட்டி நிறுத்துவது சுலபம். சாலையைப் பார்த்து, "இந்த மாதம் நீ எவ்வளவு சம்பாதித்தாய்?" என்று கேட்காதவர்கள் ரயிலை மாத்திரம் அப்படிக் கேட்பது என்ன நியாயம்?

நாம் கேட்பது அதிகமல்ல. காலையிலும் மாலையிலும் கல்லூரிக்கும் வேலைக்கும் பொருந்தும்படி மாயவரத்துக்கும் திருவாரூருக்கும் வண்டிகள் வேண்டும். வண்டி வரும் வேளையில் ஸ்டேஷன் வாசலில் புதுச்சேரி பஸ்ஸோ தமிழ்நாட்டு பஸ்ஸோ காத்திருக்க வேண்டும். திருநள்ளாறு இந்தப் பாதையிலேயே இருக்கிறது. சனிக்கிழமைதோறும் கூட்டம், சனிப்பெயர்ச்சிக்கோ லக்ஷக்கணக்கான ஜனங்கள். அவ்வேளைகளில் விசேஷ வண்டிகள் விட்டால் ஊர் மூச்சு விடும். யாத்திரிகர்களும் வெயிலில் மைல் கணக்காக நடக்க வேண்டியிராது.

சனீசுவரன் இரண்டரை வருஷத்துக்கு ஒரு முறை வீடு மாறுகிறார். இந்தப் பாதையைப் பிடித்த சனி விலகவோ முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கால அட்டவணை தயாரிக்கும் அதிகாரிகள் அதைத் திரும்ப அழைக்காமல் இருக்க வேண்டும்.