பம்பின் மீது ஏற்றிவைத்த பொய்ப்புகழ்

ஓய்விலிருக்கும் நரம்பு உயிரணுவின் உட்புறம் ஏன் எதிர்மின் தன்மை கொண்டிருக்கிறது? நுழைவுத் தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவர்களைக் கேளுங்கள். பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்: சோடியம்-பொட்டாசியம் பம்பு மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுக்கிறது, சுற்றுக்கு ஒரு நேர்மின்சுமை குறைகிறது, ஆகவே உட்புறம் எதிர்மின். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. விடைதான் தவறு.

மாணவரைக் குறைகூற நான் இதை எழுதவில்லை. என்.சி.இ.ஆர்.டி.யின் 11ஆம் வகுப்பு உயிரியல் நூல் பொட்டாசியத்துக்கான ஊடுருவுதிறனை முதலில் சரியாகவே சொல்கிறது. அடுத்துப் பம்பின் மூன்றுக்கு இரண்டு கணக்கைச் சொல்லி, அதன் விளைவாகவே சவ்வின் இருபுறமும் மின்சுமை பிரிவதுபோல் வாக்கியத்தை முடிக்கிறது. ஓர் இணைப்புச் சொல் தலைமுறை தலைமுறையாக மாணவர்களைத் திசைதிருப்பிவிட்டது. தேர்வு ஒன்றின் விடைக்குறிப்பை மறுத்து நான் எழுதியபோது வந்த பதில், பாடநூலில் அப்படித்தான் உள்ளது என்பதே. இயற்கை எப்படி உள்ளது என்று எவரும் கேட்கவில்லை.

பாலூட்டியின் உயிரணுவுக்குள் பொட்டாசியம் ஏறத்தாழ 140 மில்லிமோலார், வெளியே 4. ஓய்வில் சவ்வின் கசிவுக் கால்வாய்கள் பெரும்பாலும் பொட்டாசியத்துக்கே வழிவிடுகின்றன. செறிவு மிகுந்த உட்புறத்திலிருந்து அது வெளியேறுகிறது. உடன் செல்ல வேண்டிய எதிரயனிகளால் கடக்க இயலவில்லை. வெளியேறும் ஒவ்வோர் அயனியும் உட்புறத்தைச் சிறிது எதிர்மின்னாக்கி, அடுத்த அயனியைப் பின்னிழுக்கிறது. இரண்டு விசைகளும் சமமாகும் புள்ளியை நெர்ன்ஸ்ட் சமன்பாடு தருகிறது: உடல் வெப்பநிலையில் −95 மில்லிவோல்ட். சோடியம் சிறிதளவு உள்ளே கசிவதால் நரம்பணுவில் அது −70 அளவில் நிற்கிறது. பெர்ன்ஸ்டைன் இக்கருத்தின் அடிப்படையை 1902இல் முன்வைத்தார். ஸ்கௌ அந்தப் பம்பு நொதியை அறிவித்தது 1957இல்!

இதற்கு எத்தனை அயனிகள் வேண்டும்? 20 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உயிரணுவில், உள்ளிருக்கும் பொட்டாசியத்தில் ஏறத்தாழ அறுபதாயிரத்தில் ஒன்று வெளியேறினாலே −70 மில்லிவோல்ட் உருவாகிவிடும். செறிவு மாறியதை எந்த வேதியியல் அளவீடும் காட்டாது.

பம்பே இல்லையென்றால் சரிவு ஏது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மேல்நிலைத் தொட்டியை மோட்டார்தான் நிரப்புகிறது. ஆனால் குழாயில் நீர் விழுவது தொட்டியின் உயரத்தால். மோட்டாரை நிறுத்திய நொடியில் குழாய் வறண்டுவிடுவதில்லை. ஊவாபைன் கொண்டு பம்பை முடக்கினாலும் அவ்வாறே: கணவாயின் பெருநரம்பிழையில் மின்னழுத்தம் உடனடியாக மாறுவது சில மில்லிவோல்ட் மட்டுமே, பின்னர் சரிவு கரையக் கரைய மெல்ல வீழ்கிறது. பம்பின் நேரடிப் பங்கு சுழியம் என்று நான் சொல்லவில்லை. நிலைத்த நிலையில் மூன்றுக்கு இரண்டு என்ற விகிதம் தரக்கூடிய உச்ச வரம்பு ஏறத்தாழ 11 மில்லிவோல்ட், அவ்வளவே.

1961இல் பேக்கர், ஹாட்ஜ்கின், ஷா மூவரும் கணவாய் நரம்பிழையின் உட்பொருளைப் பிதுக்கி அகற்றிவிட்டு, பொட்டாசிய உப்புக் கரைசலை நிரப்பினர். ஏடிபி இல்லை, அதாவது பம்புக்கு உணவில்லை. ஆயினும் ஓய்வு மின்னழுத்தம் இருந்தது. நரம்புத் துடிப்பும் பாய்ந்தது. உள்ளும் புறமும் பொட்டாசியச் செறிவைச் சமமாக்கியபோது மின்னழுத்தம் ஏறத்தாழச் சுழியமாயிற்று. உட்புறம் எதிர்மின்னாவது புரதங்களால்தான் என்ற மற்றொரு வாய்ப்பாட்டையும் இதே சோதனை முடித்துவைக்கிறது. பெரும்பாலான புரதங்கள் பிதுக்கலோடு போய்விட்டன. இருக்கும்போதும் அவற்றின் மின்சுமையைப் பொட்டாசியம் ஈடுசெய்துகொண்டுதான் இருந்தது.

இதெல்லாம் ஒரு மதிப்பெண் விவகாரம்தானே என்பவர்களுக்கு: சிறுநீரகம் பழுதுற்றவரின் குருதியில் பொட்டாசியம் 4இலிருந்து 8 மில்லிமோலாராக உயர்கிறது என்று கொள்வோம். பம்பு விடையை மனனம் செய்தவர் என்ன கணிப்பார்? பம்புக்கு வெளியிலிருந்து எடுக்கப் பொட்டாசியம் மிகுதியாகக் கிடைக்கிறது, விரைந்து சுழலும், உட்புறம் மேலும் எதிர்மின்னாகும் என்பார். நடப்பது இதற்கு நேர்மாறு. பொட்டாசியச் சமநிலை −95இலிருந்து ஏறத்தாழ −77க்கு உயர்கிறது. இதயத்தசையின் ஓய்வு மின்னழுத்தம் அதைப் பின்தொடர்கிறது. சோடியக் கால்வாய்கள் பல செயலிழந்து நிற்கின்றன. கடத்தல் மந்தமாகி, இதயம் நின்றே போகலாம். நாளை நோயாளியின் அருகில் நிற்கப்போகிறவர் அந்த மாணவர்தான்.

ஆகவே வினாத்தாள் அமைக்கும் பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மூன்றா இரண்டா என்று கேட்பதை நிறுத்துங்கள். ஊவாபைன் சேர்த்த முதல் நொடியில் சவ்வின் மின்னழுத்தம் எவ்வளவு மாறும், ஏன் என்று கேளுங்கள். விடைக்குறிப்பை அச்சிடுமுன் நீங்களும் ஒருமுறை எழுதிப் பாருங்கள்.